குடிமகன் என்பவன் யார்?

பங்கு இல்லத்துக்கு வருகிறவர்களில் சிலர் ஞானஸ்நானப் பதிவின் நகல் கேட்டு வருகிறார்கள். பிள்ளையின் கலியாணத்துக்காக ஒருவர் கேட்பார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட்டுக்கு அலைகிற ஒருவர் கேட்பார். தகப்பனார் பிறந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள ஒருவர் கேட்பார். பழைய ஏட்டைப் புரட்டி, இன்ன ஆண்டு, இன்ன தேதி, இன்னாருக்குப் பிறந்த இன்னார் என்ற ஒரு வரியைக் கண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தோன்றுவதைக் காணலாம். "என் பெயர் இருக்கிறது" என்ற நிம்மதி அது.

நாட்டின் ஏட்டிலும் நமக்கு ஒரு வரி உண்டு. அந்த வரிக்குத்தான் குடியுரிமை என்று பெயர். அது இருக்கும்வரை நாம் அதை நினைப்பதே இல்லை. அது இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதை, நம் இனத்தாரே பத்து லட்சம் பேர் வரை ஒரு காலத்தில் அனுபவித்து அறிந்தார்கள். ஆகவே குடியுரிமை என்றால் என்ன, அது நமக்கு எதைத் தருகிறது, நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதை இந்த வாரப் பாடத்தில் படிப்போம்.

1. சொல்லின் பொருள்

"குடி" என்பது பழந்தமிழ்ச் சொல். வீடு, குடும்பம், வமிசம், ஊரார், அரசனுக்குக் கீழ்ப்பட்ட ஜனங்கள் என்று அதற்குப் பல பொருள் உண்டு. அரசனுக்கு வேண்டிய ஆறு அங்கங்களில் குடியையும் ஒன்றாக வள்ளுவர் எண்ணுகிறார். படையும் அரணும்போலக் குடியும் அரசனுக்கு உரியது என்பது அக்காலத்து எண்ணம். "பிரஜை" என்ற சொல்லும் அப்படியே. சந்ததி, பிள்ளை என்பது அதன் முதற்பொருள். அரசன் தகப்பன், ஜனங்கள் அவன் பிள்ளைகள் என்ற கருத்தில் அது ஆளப்படுகிறவர்களைக் குறித்தது. தகப்பன் நல்லவனானால் பிள்ளைகள் சுகப்படுவார்கள், கெட்டவனானால் அழுவார்கள். ஆனால் எப்படியும் அவர்களை யாரும் சம்மதம் கேட்பதில்லை.

"குடிமகன்" என்ற சொல்லுக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. நம் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊருக்குச் சவரம் செய்கிறவரைக் குடிமகன் என்பார்கள். அவரையும், சலவைத் தொழிலாளி முதலிய ஊழியக்காரரையும் சேர்த்துக் குடிமக்கள் என்பார்கள். அறுவடைக் காலத்தில் களத்தில் அவர்களுக்கு நெல் அளந்து கொடுப்பார்கள். ஊருக்கெல்லாம் உழைத்த அவர்களுக்கு ஊர்க் கூட்டத்தில் உட்கார இடம் இராது.

அந்தச் சொல்லையே எடுத்துத்தான் இன்று நாட்டின் தலைவருக்கும் சூட்டி, "முதற் குடிமகன்" என்கிறோம். களத்து ஓரத்தில் நின்றவருக்கு வழங்கிய பெயரும் ராஷ்டிரபதி பவனத்தில் வாழ்கிறவருக்கு வழங்கும் பெயரும் ஒன்றாகிவிட்டன. குடியுரிமையின் உட்பொருள் முழுவதும் இந்த மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் குடிமகன் என்பவன் யார்? நாட்டுக் காரியங்களில் சம்மதம் கேட்கப்பட வேண்டியவன். விசாரியாமல் தண்டிக்கவோ நாட்டைவிட்டு வெளியேற்றவோ தகாதவன். அவனைப்போலவே கேட்கப்பட வேண்டியவர்கள் என்று மற்றவர்களையும் மதிக்கக் கடமைப்பட்டவன். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. பிலிப்பி நகரில் நடந்தது

குடியுரிமை என்பது தற்காலத்தார் கண்டுபிடித்த சங்கதி அல்ல. அப்போஸ்தலர் நடபடியில் அது மும்முறை வருகிறது.

அர்ச். சின்னப்பர் தர்சு நகரத்து யூதர். பிறப்பிலேயே உரோமைக் குடியுரிமை பெற்றவர். உரோமைக் குடிமகனை விசாரணையின்றி அடிக்கக் கூடாது என்பது அந்நாட்டின் பழைய சட்டம். பிலிப்பி நகரில் அவரையும் அவர் தோழரையும் கலகக்காரர் என்று பிடித்து, விசாரியாமலே ஜனங்கள் முன்னிலையில் தடியால் அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் அடைத்தார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அவர்களை விட்டுவிடச் சொன்னார்கள்.

வேறொருவராயிருந்தால், தப்பினோம் என்று போயிருப்பார். சின்னப்பர் போகவில்லை. உரோமைக் குடிமக்களான எங்களை விசாரணையின்றிப் பகிரங்கமாக அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா? அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று கண்டிப்பாய்ச் சொன்னார். அதிகாரிகள் பயந்துபோய், தாங்களே வந்து மன்றாடி அழைத்துச் சென்றார்கள்.

இதை நாம் கவனிக்க வேண்டும். அடி விழுந்தாயிற்று, அதைத் திரும்ப எடுக்க முடியாது. பின்னே ஏன் இந்தப் பிடிவாதம்? அந்த ஊரில் லீதியாள் என்ற வியாபாரப் பெண்ணின் வீட்டில் கூடிய சிறு கூட்டத்தை விட்டுவிட்டுச் சின்னப்பர் பிரயாணப்பட வேண்டியிருந்தது. அதிகாரிகள் சட்டத்தை மீறினார்கள் என்பது ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்டால், பின்னால் அங்கே இருக்கப்போகிறவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. தமக்காக மட்டும் அல்ல, பிறருக்காகவும் அவர் தம் உரிமையைப் பயன்படுத்தினார் என்று கொள்ள நல்ல இடமுண்டு.

பின்பு ஜெருசலேமில் சாட்டையால் அடித்து விசாரிக்கக் கட்டியபோதும் அவர் தம் குடியுரிமையைச் சொன்னார். அங்கிருந்த சேனைத் தலைவன், தான் மிகுந்த பணம் கொடுத்து அந்த உரிமையைப் பெற்றதாகச் சொல்லி வியந்தான். கடைசியில் செசாரே தம்மை விசாரிக்க வேண்டுமென்று அப்பீல் செய்ததும் குடிமகன் என்ற உரிமையினால்தான்.

ஆனால் அந்தக் காலத்துக் குடியுரிமையில் ஒரு பெருங்குறை இருந்தது. அது சிலருக்கு மாத்திரம் கிடைத்த சலுகை. அதே பிலிப்பியில் குறி சொல்லி எஜமானருக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்த அடிமைப் பெண்ணை யார் அடித்தாலும் கேட்பாரில்லை. கி.பி. 212-ல்தான் கரக்கல்லா என்ற சக்கரவர்த்தி, அடிமைகள் நீங்கலாக, இராச்சியத்தில் இருந்த ஏறக்குறைய எல்லாருக்கும் அந்த உரிமையை விரித்தார். சலுகையாயிருந்ததை எல்லாருக்கும் பொதுவாக்குவதே குடியுரிமையின் நீண்ட பயணம் எனலாம்.

3. நம் நாட்டில்

வெள்ளையர் ஆட்சியில் நாம் பிரஜைகளாயிருந்தோம். 1935-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தேர்தல்களிலும் சொத்து, வரி, படிப்பு முதலிய தகுதி உடையவர்களுக்கே வோட்டு. வயது வந்தவர்களில் சிறு பகுதியினரே அதைப் பெற்றார்கள்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26-ந் தேதி நிறைவேறியது. அதன் பெரும்பகுதி 1950 ஜனவரி 26-ல்தான் அமலுக்கு வந்தது என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் சில ஷரத்துக்கள் நிறைவேறிய அன்றே அமலுக்கு வந்தன. அவற்றில் முக்கியமானவை குடியுரிமையைப் பற்றிய 5 முதல் 9 வரையிலான ஷரத்துக்களும், தேர்தல் கமிஷனைப் பற்றிய 324-வது ஷரத்தும். வீடு கட்டுமுன் வீட்டார் யார் என்று தெரிய வேண்டும் அன்றோ?

அதன்பின் 1955-ம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிறப்பு, வமிசம், பதிவு, நீண்டகால வாசம், புதிதாக ஒரு பிரதேசம் நாட்டோடு சேர்தல் என ஐந்து வழிகளில் ஒருவர் இந்தியக் குடிமகனாகலாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இந்தியாவில் பிறந்தவர்கள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது குடியுரிமை உடையவராயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது: இருவரும் குடியுரிமை உடையவராயிருக்க வேண்டும், அல்லது ஒருவர் உடையவராயும், மற்றவர் சட்டத்துக்கு மாறாக நாட்டில் நுழையாதவராயும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்பைத் தாமதமின்றிப் பதிவு செய்து, சான்றிதழைப் பத்திரப்படுத்துவது ஏன் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

நம் அரசியல் சட்டம் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறது. சில உரிமைகள் குடிமக்களுக்கே உரியவை: வோட்டு, பேச்சு, கூட்டம் கூடுதல், நாட்டின் எப்பகுதியிலும் குடியிருத்தல் முதலியன. ஆனால் சட்டத்தின் முன் சமத்துவம் (14-வது ஷரத்து), உயிருக்குப் பாதுகாப்பு (21-வது ஷரத்து), மனச்சாட்சியின்படி மதத்தை அனுசரித்தல் (25-வது ஷரத்து) ஆகியவை இந்நாட்டில் இருக்கும் எந்த மனிதருக்கும் உண்டு. அயல்நாட்டானும் மனிதன் என்பதை நம் சட்டம் மறக்கவில்லை.

1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் வோட்டர் ஜாபிதாவில் இடம் பெற்றார்கள். 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வோட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வோட்டு. ஆனால் அந்த ஜாபிதா தயாரித்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. வடநாட்டில் பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் கொடாத சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவில் சேர்க்கப்படவில்லை.

இது கடுமை என்று அப்போது பலர் குறை கூறினர். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெருவாரியாகத் தங்கள் பெயரைக் கொடுக்க முன்வந்தார்கள். குடிமகள் என்பவள் ஒருவனுடைய மனைவி என்பதனால் அல்ல, தானாகவே நாட்டின் அங்கத்தினள் என்பதை அந்தக் கண்டிப்பு கற்பித்தது. நம் வீடுகளிலும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டுப் பெண்கள் தங்கள் மனப்படி வோட்டுப் போடுகிறார்களா, அல்லது வீட்டு ஆண்கள் காட்டிய சின்னத்திலா?

4. பெயர் அடிக்கப்பட்டவர்கள்

உரிமை இழந்தவர்களைப் பார்த்தால்தான் உரிமையின் அருமை தெரியும். நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஜில்லாக்களிலிருந்து ஏழை ஜனங்கள் கங்காணிகளின் பின்னே இலங்கை மலைநாட்டுக்குப் போனார்கள். முதலில் காப்பி, பின்பு தேயிலை. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர் பலர். லயக் காம்பராக்களில் குடியிருந்து, விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, கொழுந்து பறித்து, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தார்கள். அவர்கள் உழைப்பே அந்நாட்டின் செல்வமாயிற்று.

இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் வோட்டுரிமை வந்துவிட்டது. அதாவது நமக்கு முன்னரே. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தோட்டத்து ஜனங்களும் வோட்டுப் போட்டார்கள். 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். வேறு சில தோட்டத் தொகுதிகளிலும் அவர்களுடைய பிரதிநிதிகள் வென்றார்கள்.

மறு ஆண்டு, 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 18-ம் எண் சட்டமாக நிறைவேறி, நவம்பர் 15-ல் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். லயத்தில் பிறந்த கூலியாளின் தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்? ஒரே சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை தன் மனித உரிமைப் பிரகடனத்தின் 15-வது ஷரத்தில் உலகுக்கு அறிவித்தது அதே ஆண்டு டிசம்பர் 10-ல். இடையே ஒரு மாதம்கூட இல்லை.

1949-ல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, குடிமக்கள் அல்லாதாரை வோட்டர் ஜாபிதாவிலிருந்து நீக்கியது. மற்றொன்று, குறித்த ஆண்டுகள் தொடர்ந்து வாசம் செய்ததை நிரூபித்தவர்கள் விண்ணப்பம் செய்துகொள்ளலாம் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஊருக்கு ஒரு முறை போய் வந்ததும், ஒரு காகிதம் குறைந்ததும் காரணமாகப் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. குடியுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. 1952 தேர்தலில் தோட்டத்து ஜனங்களின் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. 1947-ல் வென்ற தொண்டமான் மறுபடி மக்கள் வோட்டினால் பாராளுமன்றம் புகுந்தது 1977-ல். முப்பது ஆண்டுகள்!

வோட்டு இல்லாதவருக்காக யார் பேசுவார்? ரோடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், லயத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால், செவி கொடுக்க எந்த அங்கத்தினருக்கும் அவசியம் இருக்கவில்லை. இதுதான் குடியுரிமை இழப்பின் மெய்யான பொருள். கொழுந்தின் எடை பதிவாயிற்று. பறித்தவர் பெயர் நாட்டின் ஏட்டில் இல்லை.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். 9,75,000 பேர் கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் முடிவு செய்வது. 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த எச்சத்தையும் பாதிப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். 1964 உடன்படிக்கைக்குப் பின் விண்ணப்பம் கேட்டபோது, இந்தியாவுக்குப் போக எழுதியவர்கள் குறித்த எண்ணிக்கையை எட்டவில்லை. இலங்கையில் இருக்க எழுதியவர்களோ ஒதுக்கிய இடத்தைவிட மிக அதிகம். முதலில் எண்ணை எழுதினார்கள்; பின்புதான் மனிதரைக் கேட்டார்கள். தாய் இங்கே, மகள் அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். நீலகிரியில் அவர்களுக்கு வேலை தருவதற்காகச் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் அமைந்தன. அவர்கள் கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது. ஆனாலும் "சிலோன்காரர்" என்றே நம்மவர் அழைத்தார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்! சட்டம் கொடுத்த பெயரை அயலார் கொடுக்கவில்லை.

இலங்கையில் எஞ்சியவர்களுக்கு 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் படிப்படியாகக் குடியுரிமை கிடைத்தது. 1964 உடன்படிக்கை நாள் முதல் அங்கே வசித்த இந்திய வமிசத்தாருக்கும் அவர்கள் சந்ததியாருக்கும் கதவைத் திறந்தது 2003-ம் ஆண்டுச் சட்டமே. 1948-ல் அடித்த பெயரை முழுவதும் திரும்ப எழுத 55 ஆண்டுகள் சென்றன.

5. கேட்டறிந்த ஓர் உதாரணம்

இதற்கு எதிர்ப்பக்கத்தில் புதுச்சேரியை வைத்துப் பார்க்கலாம். புதுச்சேரி முதலிய பிரெஞ்சுப் பிரதேசங்களின் ஆட்சி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-ல் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்களானார்கள். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்று தவணை கொடுத்தார்கள். சில ஆயிரம் பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். மற்றவர் இந்தியரானார்கள்.

அந்த ஏற்பாட்டிலும் குறை சொல்வாருண்டு. ஆயினும் நாடு மாறும்போது மனிதனைப் பார்த்து "உன் விருப்பம் என்ன?" என்ற ஒரு கேள்வி அங்கே இருந்தது. மலைநாட்டில் அந்தக் கேள்வி காலம் கடந்தே வந்தது. வித்தியாசம் அந்த ஒரு கேள்வியில்தான்.

உலக சமாதானத்தைக் குறித்து 1963 ஏப்ரல் 11-ல் பாப்பரசர் 23-ம் அருளப்பர் எழுதிய நிருபமும் இதையே வேறு விதமாய்ப் போதிக்கிறது. ஒருவன் ஒரு நாட்டின் குடிமகன் என்பதனால் மனுக்குலம் என்ற பெருங்குடும்பத்தில் அவனுக்குள்ள அங்கத்துவம் மறைந்துபோவதில்லை. அரசுகள் எழுதும் ஏட்டுக்கு மேலான ஏடு ஒன்று உண்டு.

6. நம்மிடம் கேட்கப்படுவது

நம் அரசியல் சட்டத்தில் ஆதியில் குடிமக்களின் கடமைகள் என்று தனிப் பகுதி இருக்கவில்லை. 1976-ல் 42-வது திருத்தத்தினால் 51-ஏ ஷரத்து சேர்க்கப்பட்டு, பத்துக் கடமைகள் எழுதப்பட்டன. பிள்ளைகளை 6 வயது முதல் 14 வயது வரை படிக்க வைப்பது பதினோராவது கடமையாக 2002-ல் சேர்ந்தது. இவற்றை மனப்பாடம் செய்வது நல்லது. ஆனால் அதைவிட முக்கியம் கீழ்க்கண்டவற்றைச் செய்வது.

முதலாவது, பெயரைப் பதிவு செய்தல். 1989 முதல் வோட்டு வயது 18. வயது நிறைந்த பிள்ளைகள் 6-ம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். வீடு மாறியவர்களும் பிழை திருத்த வேண்டியவர்களும் 8-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். வோட்டுப் போடும் நாளில் வந்து "என் பெயரைக் காணோம்" என்று கோபிப்பதில் பயனில்லை. மலைநாட்டார் முப்பது ஆண்டு ஏங்கிய ஒன்றை நாம் சோம்பலால் இழப்பது எவ்வளவு பெரிய பிழை!

இரண்டாவது, வோட்டை விற்காதிருத்தல். வோட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். "எல்லாரும் வாங்குகிறார்கள், எங்கள் பணம்தானே" என்று சமாதானம் சொல்வதுண்டு. கேட்கப்பட வேண்டியவன் என்ற அந்தஸ்தை விலைக்குக் கொடுத்தவனை ஐந்து வருஷத்துக்கு யாரும் கேட்க வேண்டியதில்லை. விலை கொடுத்தாயிற்றே! பணம் வாங்கிவிட்டு மனச்சாட்சிப்படி வோட்டுப் போட்டேன் என்பவரும், கை நீட்டியபோதே பாதி மனச்சாட்சியைக் கொடுத்துவிட்டார் என்பதை உணர வேண்டும்.

மூன்றாவது, கேட்டல். வோட்டுப் போட்டதோடு குடிமகனின் வேலை தீர்ந்துவிடாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஊர்க் கணக்கை அங்கே வாசிக்க வேண்டும். நாம் கேள்வி கேட்கலாம். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, சிறு கட்டணம் செலுத்தி எழுதிக் கேட்டால், சாதாரணமாக 30 நாளில் சர்க்கார் அலுவலகம் பதில் தர வேண்டும். ஆத்திரப்படாமலும் பயப்படாமலும் கேட்பதற்குச் சின்னப்பர் நல்ல முன்மாதிரி.

நான்காவது, கொடுத்தல். செசாருக்கு உரியதைச் செசாருக்குச் செலுத்தும்படி நம் ஆண்டவர் கற்பித்தார். கடையில் பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று மகிழ்கிறவர், ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று முறையிடுவது பொருந்தாது. பஸ்ஸின் கண்ணாடியை உடைப்பவன் தன் வீட்டுச் சன்னலையே உடைக்கிறான்.

ஐந்தாவது, மற்றவரைக் குடிமகனாக நடத்துதல். இதுவே மிகக் கடினமானது. 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. ஆனால் ஷரத்து எழுதிய இடத்தில் மட்டும் ஒழிந்தால் போதுமா? தேநீர்க் கடையில் தனித் தம்ளர் வைக்கிறவன், வோட்டுச் சாவடியில் மட்டும் அயலானைச் சமம் என்று ஒப்புக்கொள்கிறான். நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. ஒரே திருப்பந்தியில் உண்பவர்களுக்குள், செத்தபின் புதைக்கும் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு வைத்த ஊர்கள் நம்மிடையே உண்டு. களத்து ஓரத்தில் நின்ற குடிமகனுக்கு நாட்டின் சட்டம் நடுவீட்டில் இடம் கொடுத்துவிட்டது. நாம் கொடுத்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

7. வினா விடை

வினா: குடிமகன் அரசு சொல்வதற்கெல்லாம் கீழ்ப்படிய வேண்டுமா?

விடை: நியாயமான சட்டத்துக்கு மனதாரக் கீழ்ப்படிய வேண்டும். அநியாயமான சட்டத்தைச் சட்ட வழியிலும் சமாதான வழியிலும் எதிர்த்து மாற்றப் பார்க்க வேண்டும். மலைநாட்டார் 1952-ல் சத்தியாக்கிரகம் செய்தது அவ்வழியே. பாவத்தைச் செய்யச் சொன்னால், எந்த அரசானாலும் கீழ்ப்படியக் கூடாது.

வினா: நாட்டுப்பற்று இருந்தால் பிற நாட்டாரை வெறுக்க வேண்டுமா?

விடை: வேண்டியதில்லை. தன் தாயை நேசிக்கிறவன் பிறன் தாயை இகழ மாட்டான்.

வினா: குடியுரிமை இல்லாதவர் நம் ஊரில் இருந்தால் நம் கடமை என்ன?

விடை: அவர் மனிதர் என்பதே முதற்கடமைக்குப் போதும். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களில் மலைநாட்டு வமிசத்தாரும் உண்டு. நமக்கு வோட்டு உண்டு, அவர்களுக்கு இல்லை. ஆகவே நம் பிரதிநிதிகளிடம் அவர்களுக்காகவும் பேச வேண்டியவர்கள் நாமே.

கூட்டங்களில் கலந்து பேச:

(அ) நம் தெருவில் 18 வயது நிறைந்தும் ஜாபிதாவில் பெயர் சேராதவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் படிவம் எழுத யார் உதவுவது?

(ஆ) சென்ற கிராம சபைக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்?

(இ) நம் ஊரில் யாரை இன்னும் பேர் சொல்லி அழையாமல் தொழிலையோ ஜாதியையோ சொல்லி அழைக்கிறோம்?

இந்த வாரத் தீர்மானமாக மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுக்கும் தெருவுக்கும் வேலை செய்ய வருகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயராலேயே, மரியாதையோடு அழைப்போம்.